ஆளுக்கு 5,000 போட்டுக் கம்பெனி மீது வழக்குத் தொடுக்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். நாங்கள் பங்கு வைத்திருக்கும் லிஸ்டட் கம்பெனி, தானேயில் உள்ள தன் இடத்தைப் புரமோட்டரின் உறவினர் நிறுவனத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் 112 சிறு பங்குதாரர்கள் சேர்ந்திருக்கிறோம். ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டு வழக்குத் தொடுக்கலாமா? ஜெயித்தால் பணம் வருமா?

பதில்: தொடுக்கலாம். ஆனால் வசூலை இப்போதே ஆரம்பிக்காதீர்கள். முதலில் தலைக்கணக்கு சரியாக வேண்டும்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 245-ஆம் பிரிவில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் கூட்டு மனு போட 100 உறுப்பினர்கள் (பங்குதாரர்கள்) அல்லது மொத்த உறுப்பினர்களில் 5 சதவீதம், இதில் எது குறைவோ அது போதும். லிஸ்டட் கம்பெனியில் 2 சதவீதப் பங்கு சேர்ந்தாலும் சரி. நீங்கள் 112 பேர் என்பது போதும் என்று தோன்றும், ஆனால் எண்ணிப் பார்த்தால் 100-க்குக் கீழே போய்விடலாம். கணவன் மனைவி கூட்டாக வைத்திருக்கும் பங்கை ஒரே தலையாக எண்ணுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலமான அப்பா பெயரிலேயே கிடக்கும் பங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். “புரோக்கரிடம் இருக்கிறது” என்று வாயால் சொன்னால் ஆகாது. ஒவ்வொருவரிடமும் ஒரே தேதியிட்ட டிமேட் ஹோல்டிங் ஸ்டேட்மெண்ட் (மின்னணுக் கணக்கில் உள்ள பங்குகளின் பட்டியல்) வாங்குங்கள். 130 பேரைச் சேர்த்தால் நிம்மதி.

அடுத்தது, மனுவில் சேர ஒவ்வொருவரும் தரும் ஒப்புதல் கடிதம். பலர் வெறும் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மனு எழுதுகிறார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்: இவர் எதைப் படித்துச் சம்மதித்தார்? எனவே மனு வரைவு முதலில், கையெழுத்து பிறகு. வரைவின் நகல் கடிதத்தோடு இருக்கட்டும். கையெழுத்து வாங்கியதும் தாமதிக்காமல் தாக்கல் செய்யுங்கள். கம்பெனி ஆட்கள் போன் போட்டு ஆளைக் கலைப்பது அந்த இடைவெளியில்தான். தாக்கலான பின் சிலர் சம்மதத்தை வாபஸ் வாங்கினாலும் மனு செல்லும் என்று ராஜமுந்திரி மின்சாரக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழேயே சொல்லிவிட்டது.

இப்போது பணம். தீர்ப்பாயக் கட்டணம் சில ஆயிரம்தான். வக்கீல் ஃபீஸும் மதிப்பீட்டாளர் அறிக்கையும்தான் செலவு. 112 பேர் போடும் 5.6 லட்சம் எதுவரை தாங்கும் என்று தெரிய, வரைவு, மனு விசாரணைக்கு ஏற்கப்படுவது, இறுதி விசாரணை என மூன்று கட்டமாக ஃபீஸை எழுதி வாங்குங்கள். ஜெயித்தால் சதவீதம் என்று வக்கீல் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. கணக்கு ஒருவர் பெயரில் வேண்டாம், மூவரில் இருவர் கையெழுத்து இருக்கட்டும். ஆளுக்கு உச்சவரம்பு, மீதியை எப்படித் திருப்புவது, சமரசம் வந்தால் யார் முடிவெடுப்பது, எல்லாம் ஒரு பக்க ஒப்பந்தத்தில் வரவேண்டும். போட்டதற்கு மேல் திரும்பக் கிடைக்கும் என்று குழுவில் யாரும் எழுதக் கூடாது. எழுதினால் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டத்தை உங்கள் மீதே திருப்பப் பார்ப்பார்கள்.

ஜெயித்தால்? விற்பனை ரத்தானால் இடம் கம்பெனிக்குத்தான் திரும்பும், உங்கள் பைக்கு அல்ல. இயக்குநர்களிடமும் ஆடிட்டரிடமும் நஷ்டஈடு கேட்க 245 இடம் தருகிறது. உத்தரவு ஒரு பைசா போடாத பங்குதாரர்களையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்தும். எரிச்சலான விஷயம், வேறு வழியில்லை. மனு அற்பமானது என்று தீர்ப்பாயம் கருதினால் ஒரு லட்சம் வரை செலவுத்தொகை கட்ட நேரும். அதை யார் கட்டுவது என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சொத்துப் பதிவுத் துறையில் இந்த விற்பனையின் இண்டெக்ஸ்-2 (பதிவு விவரச் சுருக்கம்) நகலை எடுத்து, அந்த ஆண்டின் ரெடி ரெக்னர் விலையோடு (அரசு வழிகாட்டி மதிப்போடு) ஒப்பிடுங்கள். விலை வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். கம்பெனியின் சி.ஐ.என். என்ற பதிவு எண்ணில் எம்.ஹெச். என்று இருந்தால் பதிவு அலுவலகம் மகாராஷ்டிரா, மும்பை தீர்ப்பாயம்தான். வேறு மாநில எழுத்து இருந்தால் அந்த மாநிலத்துக்குரிய தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்; கார்ப்பரேட் அலுவலகம் பாந்த்ராவில் இருப்பது உதவாது. காலவரம்பு மூன்று ஆண்டு, விற்ற தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். இதற்கிடையே பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடுங்கள். காசில்லை, கம்பெனி 21 நாளில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலையும் மனுவில் இணைக்கலாம்.