வீடு வீடா போய் பாக்குற ஹெல்த் டீம்ல எல்லாருமே ஸ்டாஃப் நர்ஸா இருந்தாதான் நல்லதா?

கேள்வி கேட்ட தம்பி தமிழ்நாட்டுல சோஷியல் ஒர்க் படிக்கிறாராம். வீட்டுக்கு வந்து பாக்குற டீம்ல எல்லாரும் முழுசா படிச்ச நர்ஸா இருக்கணுமா, இல்ல கொஞ்ச நாள் டிரெய்னிங் குடுத்த ஆளுங்களையும் கலந்து போட்டா போதுமா, இப்படி கலக்குறதே செலவை குறைக்கத்தானேன்னு கேட்டிருக்காரு.

நான் மலேசியா, பேராக்ல பீடோர்லருந்து தெலுக் இந்தான் போற பக்கம் ஒரு சின்ன தோட்டப் பட்டணம். சுத்தி செம்பனை, அதான் எண்ணெய்ப்பனை, நடுவுல ஒரு வரிசை கடை, கோயில், தமிழ்ப் பள்ளி, கவர்மெண்ட் கிளினிக், அவ்ளோதான் ஊரே. 31 வருஷம் ஜேஎம்மா வேலை செஞ்சேன், ஜுருராவாட் மஸ்யாராக்காட்ங்கிறதை சுருக்கி அப்படித்தான் சொல்வோம், உங்க ஊர் கிராம சுகாதார செவிலியர் மாதிரி. ஆனா லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்ல, இருக்கிறவங்களுக்கு நாங்க எல்லாருமே மிஸ்ஸிதான், மேட்ரனே வந்து நின்னாலும் மிஸ்ஸிதான். மூணு வருஷத்துக்கு முன்ன ரிட்டையர் ஆயிட்டேன், அதனால கொஞ்சம் தாராளமாவே பேசலாம்.

எல்லாரும் ஸ்டாஃப் நர்ஸா இருக்கணும்னு அவசியம் இல்ல, கலந்துதான் இருக்கணும். ஆனா கீழ இருக்கிறவங்களுக்கு சந்தேகம் வந்த நேரத்துல போனை எடுக்க மேல ஒரு ஆள் இருக்கணும், அந்த ஆள் இல்லாம கலந்தா நீங்க சொல்ற மாதிரி அது செலவு மிச்சம் பண்ற வேலைதான், வேற ஒண்ணும் இல்ல.

எங்க பக்கம் யார் யார்னு சொல்லிடறேன். ஜேஎம் வந்து கர்ப்பிணி, பிரசவம் ஆன வீடு, குழந்தை, ஊசி இதெல்லாம் பாப்பாங்க. ஸ்டாஃப் நர்ஸ் டிப்ளமா முடிச்சவங்க, அதுக்கு மேல பப்ளிக் ஹெல்த் தனியா படிச்சவங்க இருப்பாங்க, அவங்களுக்கு மேல சிஸ்டர், அதான் சூப்பர்வைசர். எம்ஏ இருப்பாரு, மெடிக்கல் அசிஸ்டன்ட், காயம் காய்ச்சல்லருந்து டிபி மருந்து முழுங்க வெக்கிறது வரைக்கும் அவர் கணக்கு. பிபிகே, பழைய பேர்ல சொன்னா அட்டெண்டன், தூக்குறது துடைக்கிறது சாமான் எடுத்து வெக்கிறதுன்னு பேப்பர்ல போட்டிருக்கும். கொசுவுக்கும் வடிகாலுக்கும் ஹெல்த் இன்ஸ்பெக்டர் தனி. அப்புறம் டிரைவர். டிரைவரை யாரும் டீம்ல சேத்து எண்ண மாட்டாங்க, நான் எண்ணுவேன், ஏன்னு கீழ சொல்றேன்.

இது இப்ப வந்த ஏற்பாடும் இல்ல. மெர்டேக்கா, அதான் சுதந்திரம் வந்த காலத்துல கிராமத்துக்குன்னு போட்ட திட்டத்துல 50,000 பேருக்கு ஒரு பெரிய ஹெல்த் சென்டர், அதுக்கு கீழ 4 சின்ன சென்டர், அதுக்கும் கீழ 20 மருத்துவச்சி கிளினிக்னு கணக்கு, கிளினிக்கோட சேந்தே அவங்க தங்குற வீடும் இருக்கும். 70கள்ல அந்த மூணு அடுக்கை ரெண்டாக்கி, மருத்துவச்சிங்களுக்கு மேல டிரெய்னிங் குடுத்து, பிரசவம் மட்டும் பாத்தவங்களை குழந்தை, ஊசி எல்லாத்தையும் பாக்குற நர்ஸா மாத்துனாங்க. அப்ப டாக்டர் அவ்ளோ பேர் கிடையாது, இருக்கிற ஆளை வெச்சு எவ்ளோ தூரம் போகலாம்னுதான் யோசிச்சிருக்காங்க. நம்ம தோட்டம் மட்டும் தனி உலகம், அது கம்பெனி நிலம், தொழிலாளிக்கு வைத்தியம் பாக்குறது கம்பெனி பொறுப்பு, அதனால எங்களுக்கு தெரிஞ்ச ஒரே ஆளு டிரஸர் ஐயாதான், தோட்டத்துல வைத்தியம் பாக்குற உதவியாளர். அவங்களை பதிவு பண்ண 1965ல தோட்ட ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்னு தனி சட்டமே இருக்கு. எங்க அப்பா பால்மரம் சீவுனவரு, அவர் காலத்துல தலைவலிக்கும் டிரஸர், பாம்பு கடிச்சாலும் டிரஸர், லீவு சீட்டுக்கும் டிரஸர். ஒரே ஆள் எல்லாம் பாத்தா என்ன ஆகும்னா அந்த ஆள் நல்லவரா இருந்தா ஊர் பிழைக்கும், இல்லன்னா இல்ல.

சரி இப்ப ஒரு கதை சொல்றேன், இதை சொல்லத்தான் இவ்ளோ டைப் பண்றேன்.

ரொம்ப வருஷம் முன்ன, ஒரு தோட்டத்துல ஆண் குழந்தை பொறந்து ஆஸ்பத்திரில அஞ்சு நாள் வெச்சிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாங்க, ஜி6பிடி குறைவு, அதான் சிவப்பு அணுவை காப்பாத்துற ஒரு என்சைம் பிறவிலயே குறைவு. இங்க பொறக்குற எல்லா குழந்தைக்கும் தொப்புள்கொடி ரத்தத்துல இந்த டெஸ்ட் எடுத்துடுவாங்க. இந்த குறை இருக்கிற குழந்தைக்கு சில மருந்து, சில பொருள் பட்டா ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை ஏறும், ரொம்ப ஏறிட்டா மூளையை தொடும். முக்கியமா காப்பூர் பாரூஸ், நீங்க பாச்சை உருண்டை அந்துருண்டைன்னு சொல்றது, அது வீட்லயே இருக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க.

அடுத்த நாள் நாங்க போனோம். நான், புதுசா வந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி, கிளந்தான்லருந்து வந்த மலாய்க்கார பொண்ணு, தமிழ் ஒரு வார்த்தை வராது, அப்புறம் எங்க அட்டெண்டன் அக்கா, அதே மாதிரி லயத்துல பொறந்து வளந்தவங்க. அந்த பொண்ணு குழந்தையை வெளிச்சத்துல காட்டி நெத்தி, நெஞ்சு, வயிறு, கால்னு விரலால அமுத்தி அமுத்தி பாத்துட்டு முகம் மாறிடுச்சு, அக்கா கெண்டைக்கால் வரைக்கும் மஞ்சள் இருக்குன்னு மலாய்ல என்கிட்ட சொல்றா. நானும் பாத்தேன் ஆனா உண்மையை சொல்லணும்னா அவ அளவுக்கு எனக்கு உறுதியா தெரியல, கறுத்த தோல்ல மஞ்சள் பாக்குறது சாதாரண விஷயம் இல்ல. வீட்ல காப்பூர் பாரூஸ் இருக்கான்னு நான் கேட்டேன், இல்லவே இல்ல மிஸ்ஸி எல்லாத்தையும் தூக்கி போட்டாச்சுன்னு தாய் சொல்றா, பொய் சொல்லல, நெஜமாவே போட்டுட்டாதான்.

அட்டெண்டன் அக்கா அதுக்குள்ள தொட்டில் பக்கம் போய் குழந்தைக்கு சுத்தியிருந்த துணியை எடுத்து மூக்குல வெச்சாங்க. ஒண்ணும் சொல்லாம பாட்டிகிட்ட திரும்பி "ஏம்மா, இது உங்க வீட்டுக்காரர் வேட்டியா, நல்ல மெத்துனு இருக்கே, எங்க எடுத்து வெச்சிருந்தீங்க?"னு கேட்டாங்க. பாட்டி பெருமையா தகரப் பெட்டியை காட்டுச்சு. செத்துப்போன தாத்தாவோட வேட்டி, பேரனுக்கு தாத்தா துணிதான் முதல்ல படணும்னு பத்திரமா வெச்சிருந்தது, பெட்டியை திறந்தா அடில வெள்ளை வெள்ளையா உருண்டை.

அந்த துணியை மோந்து பாக்கணும்னு எந்த டிப்ளமாவும் எனக்கு சொல்லித் தரல, அந்த அக்காவுக்கு மட்டும் எப்படி தோணுச்சுன்னா அவங்க வீட்லயும் அதே தகரப் பெட்டி இருக்கு.

ஆனா அக்கா மட்டும் போயிருந்தா? வாசம் புடிச்சிருப்பாங்க, துணியை மாத்த சொல்லியிருப்பாங்க, மஞ்சள் எவ்ளோ ஏறியிருக்கு, இன்னைக்கே போகணுமா நாளைக்கு கிளினிக் வந்தா போதுமான்னு முடிவு எடுத்திருக்க முடியாது. அந்த பொண்ணு மட்டும் போயிருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பா, திரும்பி வந்த குழந்தையை பாட்டி மறுபடி அதே வேட்டில சுத்தியிருக்கும். என் வேலை என்னன்னா, அந்த வீட்ல முடிவு எடுக்கிறது தாயும் இல்ல பாட்டியும் இல்ல, மில்லுல ஷிஃப்ட்ல இருக்கிற தகப்பன்னு எனக்கு தெரியும், அவனுக்கு ஆள் அனுப்பிட்டு சிஸ்டருக்கு போன் போட்டேன். சிஸ்டர் ஒரு கேள்விகூட அதிகமா கேக்கல, "போங்க, நான் வார்டுக்கு சொல்லிடறேன்"னு வெச்சுட்டாங்க. டிரைவர் அண்ணன் பழம் ஏத்துற லாரி போற செம்மண் ரோட்ல புகுந்து மெயின் ரோட்டுக்கு வந்துட்டாரு. ஆஸ்பத்திரில குழந்தையை மஞ்சள் இறங்குறதுக்கான லைட்ல வெச்சாங்க, நல்லாகி வந்துச்சு. இப்ப பெரிய பையன், கோயில் திருவிழால காவடிக்கு உருமி அடிக்கிறான், என்னை பாத்தா மிஸ்ஸின்னுதான் கூப்புடுவான், நான் யாருன்னு அவனுக்கு ஒழுங்கா தெரியாது.

இதை ஒரு முறையா எழுதி வெச்ச மாதிரிதான் கர்ப்பிணிங்க புத்தகத்துல ஒட்டுற கலர் ஸ்டிக்கர். வெள்ளைன்னா ஜேஎம்மே பாத்துக்கலாம், பச்சைன்னா கிளினிக் டாக்டர் பாக்கணும், மஞ்சள்னா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட 48 மணி நேரத்துக்குள்ள, சிவப்புன்னா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. எனக்கு இதுல புடிச்சது, கலர் கேஸுக்குத்தான், ஆளுக்கு இல்ல. நீ சின்ன நர்ஸ் உன்னால முடியாதுன்னு யாரும் சொல்லல, இந்த கேஸ் இந்த படி தாண்டிடுச்சு அடுத்த ஆளுக்கு குடுன்னு சொல்லுது, அதுல ஒரு மரியாதை இருக்கு.

எங்க அக்கா மகள் இங்கிலாந்துல ஹெல்த் விசிட்டரா இருக்கா. அங்க முதல்ல நர்ஸாவோ மிட்வைஃபாவோ ஆகி அதுக்கு மேல தனியா படிச்சாதான் அந்த பேர். நர்ஸரி நர்ஸ்னு ஒருத்தங்களும் டீம்ல இருப்பாங்க, தூக்கம், பால் மறக்க வெக்கிறது, பேச்சு இந்த மாதிரி விஷயத்துக்கு அவங்க போவாங்க, ஆனா அந்த வேலையை ஒப்படைச்சது சரியான முடிவுதானான்னு பதில் சொல்ல வேண்டியது ஒப்படைச்ச ஹெல்த் விசிட்டர். குழந்தை பொறந்து 10லருந்து 14 நாளுக்குள்ள அவங்க முதல் விசிட்டுன்னு அவ சொல்லியிருக்கா, அதுவரைக்கும் மிட்வைஃப் பாத்துக்குவாங்களாம். இங்க அந்த பத்து நாளுக்குள்ள நாங்களே எத்தனை தடவை அந்த படி ஏறியிருப்போம், அதனாலதான் எங்களுக்கு நாய் பேர் வரைக்கும் தெரியும்.

உங்க ஊர்ல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவமும் கலப்பு டீம்தானே, சுய உதவிக்குழு பெண்கள் வீட்டுக்கு போய் பிரஷர் சுகர் பாத்து மாத்திரை குடுக்குறாங்க, பிசியோவும் படுக்கைல இருக்கிறவங்களுக்கு நர்ஸும் தனியா போறாங்க.

படுக்கைன்னதும் ஞாபகம் வருது. இங்க 2014லருந்து கிளினிக்லருந்தே படுத்த படுக்கையா இருக்கிறவங்க வீட்டுக்கு டீம் போகுது, டாக்டர், நர்ஸ், எம்ஏ, பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுன்னு. ஸ்ட்ரோக் வந்து விழுந்த ஒரு பெரியவர் வீட்டுக்கு நானும் கூட போயிருக்கேன், பிசியோ தம்பி வர்றது எப்பவாவதுதான், ஒரு மாவட்டத்துக்கே கொஞ்சம் பேர், அதனால அவன் வந்தா பெரியவரை புடிக்கிறதை விட அவர் சம்சாரத்துக்குத்தான் அதிக நேரம் சொல்லிக் குடுப்பான், எப்படி புரட்டணும், எந்த பக்கம் தலகாணி வெக்கணும், டியூப்ல பால் விடும்போது தலையை எவ்ளோ தூக்கணும்னு. அந்த அம்மா வாழ்க்கை பூரா தோட்டத்துல மருந்து அடிச்சவங்க, கையெழுத்து போட மட்டும்தான் தெரியும், ஆனா அவர் முதுகுல ஒரு புண்ணு வரவிடல. டீம்ல யார் யார்னு எழுதும்போது அவங்க பேரையும் எழுதணும்னு நான் ஒரு மீட்டிங்ல சொன்னேன், சிரிச்சாங்க.

குறையும் சொல்லணும். நான் முன்ன வேலை செஞ்ச வேற ஒரு இடத்துல, திடீர்னு அட்டெண்டன்லாம் வீட்டு விசிட்டுக்கு போக வேணாம், கவுன்டர்ல ஆள் பத்தலன்னு எடுத்துட்டாங்க. ஒரு நர்ஸ், ஒரு டிரைவர், அவ்ளோதான். பேப்பர்ல பாத்தா தரம் கூடுன மாதிரி இருக்கும், போற ஆள் எல்லாம் படிச்ச ஆள்னு. ஆனா எடைத் தட்டை தூக்குறதும், ஃபாரம் எழுதுறதும், முன்ன ஆயாக்கொட்டகைல, அதான் தோட்டத்துல குழந்தைங்களை பாத்துக்குற இடத்துல, போய் எந்த வீட்ல யார் வரலன்னு விசாரிக்கிறதும் அந்த நர்ஸ் தலைல, மாசக் கடைசில ரெத்தென் வேற, அதான் மேல அனுப்புற கணக்கு, எத்தனை வீடு எத்தனை ஊசின்னு. ரெத்தென் முடிக்கணும்னே கதவுக்கு வெளியவே நின்னு பேசிட்டு வந்த நாளும் உண்டு, நானே அப்படி வந்திருக்கேன், மறைக்க என்ன இருக்கு. கதவுக்கு வெளிய நின்னா எந்த துணியும் மூக்குக்கு வராது.

இப்ப தோட்டத்துல பாதிக்கு மேல இந்தோனேசியா, பங்களாதேஷ், நேப்பாள ஆளுங்க, என் தமிழ் அங்க உதவாது, எனக்கு அட்டெண்டன் அக்கா மாதிரி அவங்களுக்கு யாருன்னு யோசிச்சா பதில் இல்ல.

தம்பி, செலவை பத்தி கேட்டீங்க இல்ல. கலப்பு டீம் மலிவாத்தான் வரும், அதுல தப்பில்ல. நீங்க ப்ராஜெக்ட்டுக்கு எழுதும்போது எத்தனை நர்ஸ் எத்தனை வாலன்டியர்னு எண்ணிக்கையை மட்டும் எடுக்காதீங்க, ஒரு நாள் அந்த வாலன்டியர் அக்கா கூடவே நடந்து பாருங்க, ஒரு வீட்ல அவங்களுக்கு ஏதோ சரியில்லன்னு தோணுனா யாருக்கு போன் போடுறாங்க, எத்தனை ரிங்ல எடுக்குறாங்க, எடுத்தவங்க திட்டுறாங்களா கேக்குறாங்களான்னு பாத்து எழுதுங்க. எழுதிட்டு இங்கயும் போடுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.