கனவு பலன் நூல்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஐயா, பல் விழுவது போல அடிக்கடி கனவு வருகிறது. வீட்டில் யாருக்கோ ஆகாது என்று அம்மா பயப்படுகிறார். எல்லா நூலிலும் அப்படித்தானா?

பதில்: இல்லை தம்பி. பயம் பழையதுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆர்டெமிடோரஸ் கிரேக்க மொழியில் எழுதிய கனவு நூலில் வாய்தான் வீடு, பற்கள் அதில் இருப்பவர்கள், வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். ஆனால் கடன்பட்டவர் அதே கனவைக் கண்டால் கடன் அடையும் என்றும் அவரே சொல்கிறார். கண்டவர் யார் என்று பார்க்காமல் பலன் சொல்வதில்லை. இப்போது கிடைக்கும் ஒற்றை வரிப் பட்டியல்களில் விட்டுப்போனது இதுதான், அதனால்தான் அம்மா மாதிரி ஆட்கள் வீணாகக் கலங்குகிறார்கள். அப்புறம், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: விடியற்காலைக் கனவு பலிக்குமா?

பதில்: பொன்னவன் பெயரில் வழங்கும் 'கனா நூல்' இரவை நான்கு சாமமாகப் பிரித்துக் கணக்கே போட்டிருக்கிறது: முதல் சாமத்துக் கனவு ஓராண்டில், இரண்டாம் சாமம் 8 மாதத்தில், மூன்றாவது 3 மாதத்தில், கடைசிச் சாமம் 10 நாளில். பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கனவு அதிகம் வரும் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும், அதிலிருந்து நேரே விழிப்பதால் கனவு அப்படியே நினைவில் நிற்கிறது.

கேள்வி: அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. கல்யாணக் கனவு கண்டாள். சாவு வரும் என்கிறார்களே ஐயா?

பதில்: அம்மா, தயவுசெய்து அக்காவை யாரும் பயமுறுத்த விடாதீர்கள். ஆண்டாள் தோழியிடம் சொன்னது முழுக்கக் கல்யாணக் கனவுதான், தோரணம் நாட்டியது, தீவலம் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், அதை வைணவ வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் பாடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கெட்ட கனவு வேறு மாதிரி: உடுத்திய துணியைப் பறிகொடுத்து, கொம்புள்ள விலங்கின் மேல் போவதாகக் கண்டதைக் கோவலன், மாடலன் என்ற அந்தணரிடம் சொல்கிறான். நிச்சயமான பெண்ணுக்குக் கல்யாணக் கனவு வராமல் வேறென்ன வரும்?

கேள்வி: பிராய்டு படித்தால் பாம்புக் கனவுக்கு அர்த்தம் கிடைக்குமா?

பதில்: பட்டியலாகக் கிடைக்காது. 1899 நவம்பரில் வந்து, அட்டையில் 1900 என்று போட்ட 'கனவுகளின் விளக்கம்' என்ற நூலில், வியன்னா மனநல மருத்துவரான பிராய்டு, கனவின் ஒவ்வொரு துண்டுக்கும் கண்டவருக்கு என்ன ஞாபகம் வருகிறது என்றுதான் முதலில் கேட்கிறார். பாம்புப் பண்ணையில் வேலை பார்ப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே பாம்பா?

கேள்வி: சரி, எதை வாங்கலாம்?

பதில்: வாங்கும் முன் 'பாம்பு' பக்கத்தைத் திறந்து பாருங்கள். யார் கண்டார், எந்த நிலையில் கண்டார் என்று ஒரு வார்த்தைகூட இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.