ஆறாம் வகுப்பு வந்தும் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருப்பதாகவும், வகுப்பில் ஏழெட்டுப் பேருக்கு எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் சேர்வராயன் மலையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற வேலை. உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள்.

2025 ஜூனில் என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். முத்து முத்தான கையெழுத்து. நோட்டில் ஒரு பிழை இருக்காது. இரண்டு வாரம் கழித்து, அவன் எழுதிய பத்தியையே வாசிக்கச் சொன்னேன். முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தான். அந்த விரல் அங்கேயே நின்றது. கொம்பு, கால், சுழி எல்லாவற்றையும் கோலம் போடுவதுபோல வரைந்துகொண்டிருந்திருக்கிறான். அந்த நோட்டில் நானே இரண்டு முறை 'நன்று' போட்டிருந்தேன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். அவன் வயதுப் பிள்ளைகள் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். கொரோனாவுக்குப் பிறகு சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. வகுப்பறையில் முதன்முதலாக உட்காரும்போதே அவர்கள் இரண்டாம் வகுப்பு. சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுக்கொடுக்க அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது மூன்றாம் வகுப்பு. அடிப்படையில் விழுந்த ஓட்டை அப்படியே கூட வருகிறது.

சரி, எங்கே தொடங்குவது? 247 எழுத்தையும் மறுபடி ஒப்பிக்க வைக்க வேண்டாம். பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடங்கள் கொஞ்சம்தான். 'கே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் ககரத்துக்கு இரண்டு பக்கமும் குறி. உகர வரிசையில் கு, சு, து, மு என்று ஆளுக்கொரு வடிவம். கடல், பகல், சங்கு என்று சொல்லிப் பாருங்கள், ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கும். இதையெல்லாம் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காதே. அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொல்" என்றேன். அந்தப் பையனுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே பாதித் தடை விலகியது.

அப்புறம், பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அவனையே ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். "எங்க நாய் ராத்திரி பூரா கொலச்சுது டீச்சர்" என்றான். அவன் சொன்னபடியே பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினேன். தன் வாயிலிருந்து வந்தது என்பதால் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். விரல் தானாக நகர்ந்தது. சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டு, திரும்ப அடுக்கச் சொன்னேன். அடுத்த நாள் வேறொரு வாக்கியம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான், ஆனால் ஒரு நாளும் விடவில்லை.

ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு வெட்கம்தான் பெரிய தடை. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எல்லார் முன்னாலும் அவர்கள் கையில் கொடுத்தால் அதோடு சரி, மறுநாள் வரமாட்டார்கள். நான் அரசுப் பள்ளிகளுக்கு வந்த வாசிப்பு இயக்கம் என்ற திட்டத்தின் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்து, "சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும்" என்று கேட்பேன். அந்தப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று எளிதிலிருந்து கடினம்வரை நிலைவாரியாக வந்தவை. வாசித்துக் காட்ட வேண்டுமே என்று முதல் நாளே என்னிடம் வந்து நாலு முறை வாசித்துப் பழகுவார்கள்.

எழுத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் ல, ள, ழ என்றால் ற, ர பக்கமே போகாதீர்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை இரண்டு வரியோடு நிறுத்திவிடும்.

எங்கள் ஊரில் காப்பிப் பழம் பறிக்கும் காலத்திலும், அதைத் தொடர்ந்து மிளகு பறிக்கும் காலத்திலும் வருகைப் பதிவு குறையும். அந்த நாட்களில் நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பார்த்ததை எழுதி வரச் சொல்வேன். ஜனவரி கடைசியில் அந்தப் பையன் நோட்டை நீட்டினான். "அப்பா ஏணில ஏறி மொளகு பறிச்சாங்க. நா கீல விலுந்தத பொறுக்குனேன்." ழகரத்தைத் திருத்தக் கை பரபரத்தது. பேனாவை மூடிவிட்டு, "ஏணிக்கு எத்தனை படி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து மூன்றாவது வரியை எழுத ஆரம்பித்தான்.