இங்கிலாந்தின் ஆண்கள் விடுதிப் பள்ளிகளில் இருந்த 'ஃபேகிங்' என்றால் என்ன?

சின்னப் பையன்கள் பெரிய பையன்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும் என்ற வழக்கம்தான் ஃபேகிங். ஈட்டன், ஹாரோ, ரக்பி போன்ற பள்ளிகளில் இது ஒளிவுமறைவாக நடந்ததல்ல, பள்ளியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. (பெயர்தான் 'பப்ளிக் ஸ்கூல்', கட்டணத்தைக் கேட்டால் பப்ளிக் அந்தப் பக்கமே போகாது.)

ஈட்டனில் சீனியர் ஒருவன் தாழ்வாரத்தில் நின்று "பாய்!" (ஆங்கில 'Boy', அதாவது 'பையா') என்று நீட்டிக் கத்துவான். பதின்மூன்று வயதுப் பையன்கள் போட்டது போட்டபடி விழுந்தடித்து ஓடி வருவார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவன் தலையில்தான் வேலை விழும்: ரொட்டி வாட்டுவது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, இன்னொரு விடுதிக்குச் சீட்டு கொண்டுபோவது.

1828 முதல் 1841 வரை ரக்பியின் தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு சீர்திருத்தவாதி என்று பெயரெடுத்தவர். அவரும் இதை ஒழிக்கவில்லை. மேல் வகுப்பு மாணவர்கள் கையில் அதிகாரத்தையும் பிரம்பையும் கொடுத்தே பள்ளியை நடத்தினார். கீழ்ப்படியத் தெரிந்தவனுக்குத்தான் ஆளத் தெரியும் என்பது அன்றைய கணக்கு.

அடியைவிட எனக்கு உறுத்துவது அப்புறம் நடப்பதுதான். அழுதால் கேலி, அம்மாவை நினைத்தால் கேலி. பையன் முகத்தை இறுக்கிக்கொள்ளப் பழகுகிறான். நாலு வருடத்தில் அதே தாழ்வாரத்தில் நின்று அவனே "பாய்!" என்று கத்துகிறான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

சரி, எப்போது நின்றது? பெரும்பாலும் 1970, 80களில்தான். தனியார் பள்ளிப் பிரம்படிக்கு இங்கிலாந்தில் சட்டத் தடை வர 1990களின் கடைசி ஆயிற்று.