லட்ச ரூபாய்க் கைப்பேசி தேவையா?

கேள்வி: 25,000 ரூபாய்க்கே நல்ல கைப்பேசி கிடைக்கும்போது லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குவது தகுமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: 2024 ஜனவரியில் 1,29,999 ரூபாய் தொடக்க விலையில் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவுக்கு 7 ஆண்டுகள் மென்பொருள் மேம்படுத்தல்கள் உண்டு என்று நிறுவனம் அறிவித்ததால், இடையில் ஒருமுறை பேட்டரியை மாற்ற நேர்ந்தாலும், அதை முழுக்காலமும் வைத்திருப்பவருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 19,000 ரூபாய்தான்; ஆனால் அத்தகைய பொறுமைசாலிகளை நான் அதிகம் கண்டதில்லை. திருமண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து தாலி கட்டும் கையைத் தெளிவாகப் படமெடுக்க அதன் 5 மடங்கு ஜூம் லென்ஸ் உதவும். வாட்ஸ்அப்பும் யூபிஐயும் போதுமென்றால் வித்தியாசமே தெரியாது. ஆசை விடவில்லையா, புதிய மாடல் வந்ததும் விலை இறங்கும் சென்ற ஆண்டின் உயர்ரகக் கைப்பேசியைப் பாருங்கள்.