சமயவியல் படிக்க எந்தக் கல்லூரி?

அன்புள்ள சார்,

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருக்கிறோம். பள்ளி முடித்த மகள் சமயவியல்தான் படிப்பேன் என்கிறாள். நாலு வருடமும் பல்கலைக்கழகத்தில் படிக்கவைக்க வசதியில்லை. முதல் இரண்டு வருடம் அசோசியேட் டிகிரி, அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். ஆனால் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் இந்தப் பெயரில் பட்டமே இல்லை. ஆன்லைனில் ஒரு பைபிள் கல்லூரி ‘ரிலிஜியஸ் ஸ்டடீஸ்’ என்றே பட்டம் தருகிறது. எதில் சேர்ப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பக்கத்துக் கல்லூரியிலேயே சேருங்கள்.

பைபிள் கல்லூரிகள் முக்கியமாகக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு ஆள் தயார் செய்பவை. பல இடங்களில் சேரும்போதே விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். உங்கள் மகள் கேட்பது வேறு படிப்பு; மதங்களை வெளியே நின்று ஆராய்வது. பொதுப்பள்ளியில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்தக்கூடாது, மதத்தைப் பற்றிப் பாடம் நடத்தத் தடையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் ஷெம்ப் வழக்கில் பிரித்துச் சொன்னது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறை பெருகியது அதற்குப் பிறகுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) சாண்டா பார்பரா வளாகத்தில் 1964லேயே வந்துவிட்டது.

பட்டத்தின் பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். நாளைக்கு அவளிடம் கேட்கப்போவது இளங்கலைப் பட்டத்தைத்தான். முதல் இரண்டு வருடத்தில் எடுக்கும் 60 யூனிட் (பாடங்களை அளக்கும் அலகு) அடுத்த இடத்தில் செல்லுமா, அதைப் பாருங்கள். ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் உங்கள் கல்லூரியையும் அவள் போக நினைக்கும் யூசி அல்லது கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) வளாகத்தையும் கொடுங்கள். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் வகுப்பு, வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் உள்ள வகுப்பு என்று வரும். வலப்பக்கம் ‘ஈடான வகுப்பு இல்லை’ என்று எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று கல்லூரிகளை இப்படிப் போட்டுப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

மதப் பாடங்கள் பெரும்பாலும் தத்துவத் துறைக்குள்ளோ மானுடவியலுக்குள்ளோ ஒளிந்திருக்கும். கல்லூரியின் பாடப் பட்டியலான கேட்டலாக்கை மட்டும் நம்பாதீர்கள். அதில் இருக்கும் வகுப்பு வருடக்கணக்கில் நடக்காமலே கிடக்கலாம். கடந்த நாலு செமஸ்டர் கால அட்டவணையை எடுத்து, நிஜமாகவே எது நடந்தது என்று பாருங்கள். தத்துவத்தில் டிரான்ஸ்பர் பட்டம் (கால் ஸ்டேட்டுக்கு மாறுவதற்கென்றே உள்ள அசோசியேட் டிகிரி) இருந்தால் அதுவும் நல்ல வழி. அதை முடித்தால் கால் ஸ்டேட்டில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். கேட்ட வளாகமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

செலவு? கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760. புத்தகம், மற்ற கட்டணம் தனி. உங்கள் விசா எதுவென்று எழுதவில்லை. மாநிலவாசிக் கட்டணம் பொருந்துமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அவளுக்கு எந்த மதத்தில் ஆர்வம் என்றும் நீங்கள் எழுதவில்லை. (அப்பாக்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் இது விட்டுப்போகும்.) தமிழ் பக்தி இலக்கியம் பக்கம் மனம் போகிறதென்றால் யூசியின் டேவிஸ் வளாகத்தைப் பாருங்கள். ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அர்ச்சனா வெங்கடேசன் அங்கே சமயவியல் பேராசிரியர். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு முன்கூட்டியே இடம் உறுதி செய்யும் ‘டேக்’ திட்டத்தில் டேவிஸும் சாண்டா பார்பராவும் உண்டு, யூசியின் பெர்க்லி வளாகம் கிடையாது. அந்த விண்ணப்பத்தை ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். மாறப்போகும் வருடத்துக்கு முந்தைய வருடம் செப்டம்பர் மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.