மேற்குச் சுவரிலிருந்து யச முழம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் தேவகோட்டைக்காரன். காரைக்குடியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். அணு உலைகளைக் கலைப்பது, கழிவைப் புதைப்பது பற்றி மேற்படிப்புப் படிக்க ஆசை. ‘இடிக்கிற வேலைக்கா படிக்கப் போகிறாய்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் ஒரு சந்தேகம். கூடங்குளம் உலைகள் ஓடி முடிக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் தொழில்நுட்பம் வளர்ந்துவிடும். அப்போது வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? இப்போதே ஏன் திட்டமிட வேண்டும்? அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்கள் கருத்து என்ன? நான் இந்தத் துறைக்குப் போகலாமா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதை இன்று பேசப்போவதில்லை. நாளைக்கே எல்லா உலைகளையும் நிறுத்தினாலும் எரிந்த எரிபொருள் நம்மோடுதான் இருக்கும். ஆதரித்தவர் வீடு, எதிர்த்தவர் வீடு என்று அது பார்க்காது.

‘வருகிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?’ இந்த ஒரு வரி இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. பாதி வீதி பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை நீங்கள். இதை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கட்டிய வீடு இருந்தது. பங்காளிகள் பதினோரு பேர். ஒழுகுகிற ஓட்டை மாற்ற இருபது ஆண்டுகளாக ஒன்றுசேராத நாங்கள், இடிப்பதற்கு ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். தேக்குத் தூண், நிலைக்கதவு, ஆத்தங்குடிக் கல் என்று விலைபோகிறதெல்லாம் ஒரு வாரத்தில் லாரி ஏறிவிட்டது. பிறகு சுவரை இடிக்க ஜேசிபி வந்தது. பின்கட்டைத் தாண்டித் திரும்பும்போது அதன் சக்கரத்துக்குக் கீழே தரை உள்வாங்கியது. பலகைக்கல் பரப்பி மண் போட்டு மூடிய பழைய கிணறு. ஓட்டுநருக்குக் கால் முறிந்தது. அந்தப் பையனுக்கு உங்கள் வயதுதான் இருக்கும்.

ஐயா அதை எழுதி வைக்காமல் போகவில்லை. 1938ஆம் ஆண்டுப் பேரேட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘பழங்கிணறு மூடியது. மேற்குச் சுவரிலிருந்து ௰௪ முழம்.’ வீட்டை இடிப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ‘யச முழம்’ என்று படித்தேன். ஏதோ கணக்குச் சுருக்கம் என்று புரட்டிவிட்டேன். விபத்துக்குப் பிறகு, நகரத்தார் கோயிலில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவரிடம் அந்த வரியைக் காட்டினோம். பார்த்தவுடன் ‘பதினான்கு’ என்றார். ‘ய’ போலத் தெரிவது பத்து, ‘ச’ போலத் தெரிவது நான்கு. அளந்தோம். கிணறு அங்கேயேதான் இருந்தது.

நூறு ஆண்டுகூட ஆகவில்லை, தம்பி. அதே ஊர், அதே மொழி, சொந்தப் பேரன். எனக்கே படிக்கத் தெரியவில்லை. எரிந்த எரிபொருளில் இருக்கும் கதிரியக்கப் பொருளான புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைவதற்கு 24,100 ஆண்டுகள் ஆகும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உப்புப் பாறைக்குள் கழிவைப் புதைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 10,000 ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறவனுக்கு ‘இங்கே தோண்டாதே’ என்று எப்படிச் சொல்வது என்று 1990களின் தொடக்கத்தில் மொழியியலாளர்களையும் மானிடவியலாளர்களையும் உட்கார வைத்து யோசித்தார்கள். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த ஓட்டுநரின் கால்தான் நினைவுக்கு வருகிறது.

ஜெர்மனியில் ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 பீப்பாய்க் கழிவை இறக்கினார்கள். பின்னாளில் உள்ளே தண்ணீர் கசிந்தது. 2009இல் கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, 9.6 கிலோ என்று எழுதியிருந்த புளூட்டோனியம் உண்மையில் 28 கிலோ என்று தெரிந்தது. இப்போது அத்தனையையும் வெளியே எடுக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்கிற ‘வருகிறவர்கள்’ அங்கே வந்துவிட்டார்கள். இறங்கிப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்காவிலேயே மெய்ன் யாங்கி என்ற நிலையத்தை 2005இல் முழுக்கக் கலைத்து முடித்தார்கள். கட்டடம் இல்லை, உலை இல்லை. எரிந்த எரிபொருள் மட்டும் கொண்டுபோக இடமில்லாமல் கான்கிரீட் கலங்களில் அங்கேயே காவலோடு நிற்கிறது. எங்கள் வீட்டிலும் லாரி ஏறாமல் நின்றது அந்தக் கிணறுதான்.

பின்லாந்துக்காரர்கள் 1983லேயே இடம் தேடத் தொடங்கினார்கள். அப்போது அவர்களுடைய உலைகள் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 2004இல் பாறையைக் குடைந்தார்கள். செம்புக் கலத்தில் எரிபொருளை அடைத்து, பெண்டோனைட் களிமண் சுற்றி, 400 மீட்டருக்கும் கீழே வைப்பது திட்டம். நாற்பது ஆண்டு வேலை இது. உலை நிற்கிற நாளில் உட்கார்ந்து தொடங்கினால் யாரால் முடியும்? கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து ஆண்டுகளில் கட்டும்படி 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கினார்கள். ஒரு கிடங்குக்கே இந்த நிலை.

பணத்துக்கு வழி இருக்கிறதா என்றால், இந்தியாவில் உலையைக் கலைப்பதற்கென்று யூனிட்டுக்கு 2 பைசா எடுக்கிறார்கள். நம் கடைகளில் லாபத்தைப் பங்கிடும் முன் தருமத்துக்கென்று மகமை எடுத்து வைத்தார்களே, அது போல. அது போதுமா என்று கேட்கவும் உங்களைப் போன்றவர்கள் படிக்க வேண்டும்.

‘இடிக்கிற வேலை’ என்று சொன்னவர்களிடம் கோபப்படாதீர்கள். இடிப்பதோடு முடிகிற வேலை இல்லை இது என்று சொல்லுங்கள். ஸ்வீடனில் இதே செம்புக் கலத் திட்டம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலும் செம்பு அரிக்குமா என்ற கேள்வி தீரவில்லை என்று 2018இல் நீதிமன்றம் சொன்னது. 2022இல்தான் அரசு அனுமதி கொடுத்தது. உலோக அரிப்பு, தம்பி! 1953 முதல் உங்கள் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அதையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் தினமும் அந்த வழியாகத்தானே கல்லூரிக்குப் போகிறீர்கள்? ஒருநாள் உள்ளே போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. பேரேட்டின் அதே பக்கத்தில் ‘வடக்கே’ என்று தொடங்கும் ஒரு வரியும் இருக்கிறது. அளவைப் பழைய பின்னக் குறியில் கூட்டெழுத்தாக எழுதியிருக்கிறார். பெரியவரிடம் அன்றைக்கே அதையும் காட்டியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் போன தை மாதம் காலமாகிவிட்டார். மனையை வாங்கியவர் வடக்கு ஓரத்தில் அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்துவிட்டார். கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். தேவகோட்டையில் பின்னக் குறி படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு இந்தச் சனிக்கிழமையே வாருங்கள்.